பெயர் சொல்லாத ஜெபம்

எங்கள் சபையில் யாரும் யாரையும் நேருக்கு நேர் திட்டுவதில்லை. அதற்கு ஜெபக்கூட்டம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவோம். பாட்டு, வசனம், பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாக ஜெபிப்போம். மனக்குறையை அப்போது ஆண்டவரிடம் சொல்லலாம். யாரைப் பற்றிய குறையோ அவரும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். பெயர் சொல்லக்கூடாது. ஒருவர் ஜெபிக்கும்போது குறுக்கே பேசக்கூடாது. எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கத்தில் இந்த இரண்டு ஒழுங்கையும் யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

மூன்று வருடம் நான் ஒரே ஆளைப் பற்றித்தான் ஜெபித்தேன்.

அவன் என் கூட்டாளி. திருவனந்தபுரம் போகும் காலை பாசஞ்சரில் வருடக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போனவர்கள் நாங்கள். நெய்யாற்றின்கரை வருவதற்குள் என் டிபனில் பாதியை அவனும் அவன் டிபனில் பாதியை நானும் தின்று முடித்திருப்போம். சபைச் செயலாளர் தேர்தலில் என்னை நிற்கச் சொன்னது அவன்தான். முன்மொழிந்ததும் அவன்தான். ரகசிய ஓட்டு. எனக்கு நானே போட்டுக்கொள்வது தாழ்மை ஆகாது என்று எதிரே நின்றவருக்குப் போட்டேன். அவரும் தாழ்மையுள்ளவராக இருப்பார் என்று ஒரு நம்பிக்கை. மனைவியின் ஓட்டும் கூட்டாளியின் ஓட்டும் உறுதி, மீதி ஆண்டவருடைய சித்தம் என்று இருந்தேன்.

எண்ணி முடித்த போதகர், எனக்கு ஒன்று என்றார். அதை மைக்கில் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அந்த ஒன்று மனைவியுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்த கூட்டாளியிடம் நேரடியாகவே கேட்டேன். மனைவி அப்போதுதான் சாயா கொண்டுவந்து வைத்தாள். அவன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆருக்கு போட்டேன்னு ஆண்டவருக்குத் தெரியும் மக்கா," என்றான்.

போட்டவன் போட்டேன் என்று சொல்வான். நான் ரயிலில் வேறு பெட்டிக்கு மாறினேன். டிபன் முழுவதையும் நானே தின்றேன். ருசிக்கவில்லை. அதற்கும் அவனைத்தான் குறை சொன்னேன்.

சனிக்கிழமைகளில் யூதாஸை எடுத்துக்கொண்டேன். "அவனாவது காசு வாங்கினான் ஆண்டவரே, இங்கே சும்மாவே காட்டிக்கொடுக்கிறார்கள்" என்று ஜெபித்தேன். கூடத்தில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவனும் சொன்னான். அடுத்து அவன் முறை வந்தால் என் முட்டுவலிக்காக ஜெபித்தான். துரோகம் செய்தவன் என் முட்டுவலியைப் பற்றி ஆண்டவரிடம் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. வலி குறைந்தபோதும் யாரிடமும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டு முறை வந்தது. நான் வழக்கம்போல யூதாஸை முடித்து உட்கார்ந்தேன். அடுத்து என் மனைவி ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, அந்த ஓட்டு நான் போட்டது இல்ல. இவரு செக்ரட்டரி ஆனா சபையில ஒருத்தரையும் பாக்கி வைக்காம சண்டை பிடிப்பாருன்னு பயந்து மத்தவருக்காக்கும் போட்டேன். இவருக்கு போட்டது எதிர்ல இருக்க இந்த அண்ணன். நான் போய் அழுதப்போ, நீ ஒண்ணும் பேசண்டாம்னு சொன்னாரு. மூணு வருஷமா எனக்காக ஏச்சு கேக்காரு. இனி என்னால பொறுக்க முடியாது, அப்பா."

குறுக்கே பேச ஒழுங்கில்லை. கண்ணைத் திறந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவள் பயந்தது சரிதான் என்பதை மூன்று வருடமாக நானே வாராவாரம் நிரூபித்திருந்தேன்.

கூட்டம் முடிந்து கேட் வரை அவனோடு போனேன்.

"எலே, ஏம்ல சொல்லேல்ல?"

"சொன்னா நீ எனக்கிட்ட பேசியிருப்பே. அவகிட்ட பேசியிருக்க மாட்டே. என்னைய நீ வாரத்துல ஒரு நாளாக்கும் ஏசுவ. அவ தினமும் கேக்கணும்லா."

மன்னித்துவிடு என்றேன். அவன் குடையை விரித்தான்.

"இங்க சொன்னா பத்தாது. அடுத்த வாரம் எனக்க வீட்டுலயாக்கும் ஜெபம். எல்லாரும் கேக்க அங்க சொல்லு."

அடுத்த சனிக்கிழமை அவன் வீட்டில் சொல்ல எழுந்தேன். ஒழுங்கை மீறி, அவன் பெயரைச் சொல்லியே ஆரம்பித்தேன். மூன்று வருடம் கழித்து அந்தப் பெயர் என் வாயில் வந்தது. அதற்கு மேல் போக முடியாமல் அதே பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபம் முடியவில்லை என்பதால் எல்லோரும் கண்ணை மூடியபடி பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

அவன்தான் குறுக்கே பேசினான்.

"போதும்ல மக்கா. ஆமென்."