பிரபுவின் உடம்பு

காலையில் கண் விழித்ததும் வெண்டலின் கை முதலில் போவது சிலுவைக்கு அல்ல, கயிற்றுக்கு. கட்டில் காலில் தொங்கும் அந்தச் சணல் கயிறு முழுக்க முடிச்சுகள். அதை வயிற்றைச் சுற்றிப் பிடித்து, மூச்சை விட்டு, முடிச்சு தொப்புளுக்கு நேராக வருகிறதா என்று குனிந்து பார்ப்பான். வந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் சிலுவை போட்டுக்கொள்வான். வராவிட்டால் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "ஒட்டிலி, இன்னிக்குக் கூழுல கொஞ்சம் பன்றிக் கொழுப்பு சேத்துப் போடு. பிரபு எளைச்சிருக்காரு" என்பான்.

"பிரபு ஒண்ணும் எளைக்கல. நீதான் ராத்திரி திங்காம தூங்கிட்ட" என்று அவன் மனைவி ஒட்டிலியா அங்கிருந்தே பதில் சொல்வாள்.

பிரபு என்றால் பால்கன்டால் கோட்டையின் டீபோல்ட் பிரபு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். கண்டவன் கையும் தன்மேல் படுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் கவசம் வேண்டுமென்றால் பட்டறை இருக்கும் ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு அவர் வருவதில்லை, அளவுக் கயிறுதான் வரும். ஆனால் கயிறு குனியுமா, குதிரை ஏறுமா, அக்குளில் இடிக்கிறது என்று வாய் திறந்து சொல்லுமா? கவசக் கொல்லர் ஓஸ்வால்ட் மாஸ்டர் இந்தக் கவலையில் பட்டறை வாசலில் நின்றிருந்த ஒருநாள், ஆற்றுத்துறையிலிருந்து ஒயின் பீப்பாயை உருட்டிக்கொண்டு ஒருவன் அந்தத் தெரு வழியே போனான். மாஸ்டர் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி, நடுத்தெருவில் அவனை நிறுத்தி, கேட்காமல் கொள்ளாமல் கயிற்றைச் சுற்றினார். கழுத்து, மார்பு, தொடை, ஆடுசதை என்று ஒரு முடிச்சு பாக்கியில்லாமல் பொருந்தியது. "கடவுள் ஒரே அச்சுல ரெண்டு தடவ வாத்திருக்காருடா!" என்று கத்தினாராம். பீப்பாய் தன்பாட்டுக்கு உருண்டு போய் மீன்காரியின் கடையில் மோதியது. வெண்டல் அதற்குப் பிறகு பீப்பாயைத் தொடவில்லை.

அன்று முதல் அவன் தொழில், பிரபுவின் உடம்பாக இருப்பது. பட்டறையில் நாளெல்லாம் நிற்பான். மார்த்தகடு, முதுகுத்தகடு, தொடைத்தகடு என்று ஒவ்வொன்றாக அவன்மேல் மாட்டி, கழற்றி, தட்டி, மறுபடி மாட்டுவார்கள். இரும்புக் கையுறையைச் சரிபார்க்க அவன் கையில் வாளைக் கொடுப்பார்கள். வாளை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பிடித்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சாப்பாடு பட்டறைச் செலவு. கரும்பு தின்னக் கூலி வேறா என்று தெருவே பொருமியது.

பொருமியவர்கள், பிரபுவுக்கு வயிற்றுப்போக்கு வந்த குளிர்காலத்தைப் பார்க்கவில்லை. முடிச்சுகள் உள்ளே தள்ளிக் கட்டிய புதுக் கயிறு வந்து சேர்ந்தது. மாஸ்டர் ரொட்டிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை ஒட்டிலியாவிடம் கொடுத்துவிட்டார். "அவருக்கு வயித்தால போகுது, பட்டினி எனக்கா?" என்று வெண்டல் முட்டைக்கோசு வெந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே புலம்பினான். ஆனாலும் கோயிலில் பிரபுவின் நலத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினான். அதில் பக்தி பாதி, பசி பாதி.

தொழில் என்று வந்துவிட்டால் அரைகுறை வேலை அவனுக்கு ஆகாது. பிரபு இளவயதில் குதிரையிலிருந்து விழுந்து இடது காலை இழுத்து நடப்பவர். பிரபுவின் காரியக்காரர் ருப்ரெக்ட் ஒருமுறை பட்டறையில் அந்த நடையை நடந்து காட்டினார். வெண்டல் பார்த்தான், பழகினான், பிறகு அதை விடவில்லை. இப்போது கோயிலுக்கும் பீர்க்கடைக்கும் இடது காலை இழுத்துக்கொண்டுதான் போகிறான். இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தியே வைத்திருப்பான். சந்தையில் யாராவது மோதினால், "ஏம்ப்பா, பாத்துப் போக மாட்டியா? இது யாரு தோளுன்னு தெரியுமா?" என்று சீறுவான். குளியல் கூடத்து நாவிதன், உடம்புக்கு நல்லது, கொஞ்சம் ரத்தம் குத்தி எடுக்கட்டுமா என்று கேட்டபோது, "என்னைக் கேட்டா? மேலிடத்துல இல்ல கேக்கணும்" என்று துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான். ஒருநாள் தேனீ கழுத்தில் கொட்டிவிட்டது. மருந்து போடாமல் நேரே பட்டறைக்கு ஓடி, கழுத்துத்தகட்டை அகலப்படுத்த வேண்டுமா என்று விசாரித்தவன் அவன்.

இத்தனைக்கும் பிரபுவை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இந்த ஆண்டு வினை தவக்காலத்தில் ஆரம்பித்தது. ஈஸ்டர் கழிந்து வரும் பெந்தகோஸ்து திருநாளுக்கு நடக்கும் ஈட்டிப் போட்டிக்குப் பிரபு புதுக் கவசம் கேட்டார். வந்த கயிற்றில் வயிற்று முடிச்சு ஒரு சாண் வெளியே போயிருந்தது. ஈஸ்டருக்குள் வெண்டல் ஒரு சாண் பெருக்க வேண்டும். ஊரே ஒருசந்தியில் இருக்கிறது. இறைச்சி கூடாது, முட்டை கூடாது, வெண்ணெய் கூடாது. வெண்டல் பங்குச் சாமியாரிடம் போய் நியாயம் கேட்டான்.

"சாமி, இந்த வயிறு என்னோடது இல்ல, பிரபுவோடது. நான் தின்னா பாவம் அவரு கணக்குலதானே ஏறும்?"

சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடி வைத்தார். "வயிறு யாரோடதா வேணா இருக்கட்டும். வாய் உன்னோடதுதானே?"

வெண்டல் கயிற்றை எடுத்து வயிற்றைச் சுற்றி, முடிச்சு எட்டாத தூரத்தைக் காட்டினான். கடைசியில் அவரே மனமிரங்கி, பீர் குடிக்கிற பொருள்தானே தவிரச் சாப்பாடு இல்லை என்று வழி காட்டினார். அந்தத் தவக்காலம் முழுவதும் வெண்டல் கடமை தவறாமல் குடித்தான். ஒட்டிலியா உப்பு மீனும் பட்டாணியும் தின்று வாடினாள். அவன் தள்ளாடி வந்து, "பிரபு இன்னிக்கு ஒரு விரக்கடை ஏறிட்டாரு புள்ள" என்று வயிற்றைத் தடவிக் காட்டுவான். அவள் திட்டிக்கொண்டே அவன் செருப்பைக் கழற்றிவிடுவாள். அவளுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். அதை அவன் இருக்கும்போது சொல்லமாட்டாள், மீன்காரியிடம் சொல்வாள்.

ஈஸ்டர் முடிந்ததும் ருப்ரெக்ட் வந்தார். கூடவே கோட்டை வில்லாளி காஸ்பர், தோளில் விசைவில்லோடு. நல்ல மார்த்தகடு என்றால் அதில் ஒரு குழி இருக்கும். விசைவில்லால் அடித்தும் பிளக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. குழி இல்லாத கவசத்தை விவரம் தெரிந்தவன் வாங்கமாட்டான். தகட்டை ஒரு மரக்கட்டையில் மாட்டி அடிப்பது வழக்கம். மாஸ்டர் கட்டையை எடுத்து வைத்தார்.

"கட்டை வேண்டாம்" என்றார் ருப்ரெக்ட். "பக்கத்துக் கோட்டைப் பிரபு போன வருஷம் செத்தாரே, தெரியுமில்ல? நெஞ்சுல ரெண்டு குழி. ஒண்ணு பட்டறையில போட்டுக் குடுத்தது. இன்னொண்ணு கொஞ்சம் ஆழம். அதனால எங்க பிரபு சொல்லிட்டாரு, உள்ள ஆள் இருக்கறப்ப அடிச்சுக் காட்டுங்கன்னு. 'என் உடம்பு ஒண்ணு அங்க சும்மாதானே நிக்குது'ன்னு கேக்குறாரு."

"என் தகட்டையா சந்தேகப்படுறீங்க? யானை மிதிச்சாலும் தாங்கும்!" என்று மாஸ்டர் எகிறினார். எகிறிய பிறகுதான் யாரைப் பலி கொடுத்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாய் திறந்தது, மாட்டிக்கொண்டது பக்கத்தில் நின்ற ஆள். இனி மறுத்தால் தன் இரும்பைத் தானே பழித்ததாகும். முகம் வெளுத்துத் துருத்தியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வெண்டல் ஒன்றே ஒன்று கேட்டான். "ஐயா, நான் இங்க இருக்கறது பிரபுவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? உன் பேரு தெரியாது. நீ இருக்கறது தெரியும்."

வெண்டல் பூரித்துப்போய் வீட்டுக்கு நடந்தான். பாதி வழியில் அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. விஷயத்தைச் சொன்னபோது ஒட்டிலியாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

"யோவ், இதைச் சிரிச்சுக்கிட்டா சொல்ற?"

"தகடு தாங்கும்டி."

"தாங்கலன்னா?"

"தாங்கலன்னா பிரபு பொழச்சாருன்னு அர்த்தம். அந்தக் கவசத்த அவரு போட மாட்டாரு பாரு."

"நீ செத்தா யார பொதைப்பாங்க? உன் பிரபுவையா?"

வெண்டல் இதை யோசித்துப் பார்க்கவில்லை. "உடம்பு அவரோடது. பொதைக்கிற செலவு நம்மளோடதாத்தான் இருக்கும்" என்றான் நியாயமாக.

அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஓடிப் போயிடலாம்யா. எங்கக்கா வீடு இருக்கு, உல்ம் ஊர்ல."

"இந்த நொண்டிக் கால வச்சுக்கிட்டு எவ்வளவு தூரம்டி ஓடறது?"

"அது உன் நொண்டி இல்லய்யா!" என்று கத்திவிட்டு, ஒட்டிலியா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மதிலுக்கு வெளியே வில் பழகும் திடல். விடாமல் பெய்த மழையில் சேறு கணுக்கால்வரை. பாதித் தெரு அங்கே கூடிவிட்டது. கயிறு கட்டி ஆட்களை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். பட்டறைக் கூடாரத்திலிருந்து வெண்டல் வெளியே வந்தான். தலைமுதல் கால்வரை பளபளக்கும் இரும்பு, முகத்தகடு இறக்கி விட்டிருக்கிறது, கேடயத்தில் பால்கன்டால் குடும்பத்தின் கொம்பு முளைத்த மீன், தலைக்கவச உச்சியில் தோலால் செய்த இன்னொரு கொம்பு மீன். இடது காலை இழுத்து இழுத்து நடந்து, குறித்த இடத்தில் நின்று, தோளைத் தாழ்த்தி, கேடயத்தை நகர்த்தி மார்பைக் காட்டினான்.

காஸ்பர் விசைவில்லின் திருகியைச் சுற்றி நாணை ஏற்றினான். அம்பை வைத்தான். நிமிர்ந்து பார்த்தான். வில் தானாகத் தாழ்ந்தது.

"ஐயா, இது எங்க பிரபு."

"உளறாத. பீப்பாய் உருட்டினவன் அவன்."

"நடையைப் பாருங்க ஐயா, அந்தத் தோளப் பாருங்க. புத்தாண்டுக்குப் புத்தாண்டு அவரு கைக்குள்ள கை வச்சுச் சத்தியம் பண்றேன், உங்க உடம்புக்கு நேரா ஆயுதம் தூக்க மாட்டேன்னு. என்னை நரகத்துக்கு அனுப்பப் பாக்குறீங்களே!"

"அடிடா!"

"கை வர மாட்டேங்குது ஐயா."

ருப்ரெக்ட் பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றில் நடந்து போனார். வாரை அவிழ்த்து, கொம்பு மீனோடு சேர்த்துத் தலைக்கவசத்தைக் கழற்றினார். உள்ளே வெண்டலின் தலை. முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இரும்புக் கையுறையால் மூக்கைத் துடைக்க முடியாது. மரியாதைக்காகக் காஸ்பரைப் பார்த்துச் சிரித்தான்.

காஸ்பரின் முகம் மலர்ந்தது. "அட, இவனா! இதை மொதல்லயே காட்டியிருக்கக் கூடாதா?" என்று வில்லைத் தூக்கிக் குறி வைத்தான்.

அப்போதுதான் வெண்டலுக்குப் பயம் வந்தது. அதுவரை அம்பு பிரபுவுக்குத்தான் வரப்போகிறது என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தான் போலும். இப்போது காற்று முகத்தில் பட்டது, தன் முகத்தில். தொடைத்தகடுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன. அது திடல் முழுக்கக் கேட்டது. "ஒட்டிலி" என்றான்.

ஒட்டிலியா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள். "ஏம்மா, ஏய், குறுக்க போகாத!" என்று காஸ்பர் அலறினான். அவள் திரும்பவில்லை. பாவாடையில் சேறு தெறிக்க நேரே போய், ருப்ரெக்டின் கையிலிருந்த தலைக்கவசத்தை, "குடுங்க இப்படி" என்று பிடுங்கினாள். இடுப்பில் கட்டியிருந்த துணியால் வெண்டலின் மூக்கைத் துடைத்தாள். கவசத்தை அவன் தலையில் கவிழ்த்து, தாடைக்குக் கீழே வாரை இறுக்கி, முகத்தகட்டைத் தட்டி இறக்கினாள். பிறகு பின்னால் நகர்ந்து, எல்லோரும் பார்க்க, இரண்டு முழங்காலும் சேற்றில் புதைய மண்டியிட்டுத் தலை குனிந்தாள்.

"பிரபுவே" என்றாள்.

காஸ்பர் அம்பை எடுத்துவிட்டு வில்லைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றி அவனும் மண்டியிட்டான். ஓஸ்வால்ட் மாஸ்டர் இதற்காகவே காத்திருந்தவர்போலப் பொத்தென்று விழுந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மீன்காரி முதல் நாவிதன்வரை வரிசையாகத் தலைகள் தாழ்ந்தன. கொம்பு மீனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது ருப்ரெக்ட் ஒருவர்தான். பிறந்தது முதல் அந்த மீனுக்கு வணங்கியே பழகிய கால்கள் அவருடையவை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தன, பிறகு மடிந்துவிட்டன.

இரும்புக்குள்ளே கடகட சத்தம் மெல்ல நின்றது. எல்லோரும் எழுந்திருக்கச் சொல்லும் உத்தரவுக்காகக் குனிந்தபடி காத்திருந்தார்கள். வெண்டல் கேடயத்தைச் சேற்றில் போட்டுவிட்டு, குனிய முடிந்த மட்டும் குனிந்து, இரும்புக் கையை நீட்டி ஒட்டிலியாவை மட்டும் எழுப்பினான்.