நடுத்தெருவில் படுத்த யானை

எனக்கு ஓரிடத்தில் சும்மா நிற்க வராது. ஒரகடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருந்தபோது அது இன்னும் மோசம். பதினோரு மாதம் முடிந்தால் கம்பெனி அடையாளக் கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பிடித்தவர்களுக்கு மட்டும் புதுக் கார்டு. பத்தாவது மாதத்திலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னோடு மெஷினில் நின்றவர் பிள்ளைப்பாக்கத்து அண்ணன் ஒருவர். அவருக்கும் அதே பதினோரு மாதம். ஒரு டன் பிளாஸ்டிக் குருணை அடைத்து வரும் பைகளை நாங்கள் இருவரும்தான் கிரேன் கொக்கியில் மாட்டி இறக்குவோம். பையில் ‘ஜம்போ’ என்று அச்சடித்திருக்கும். எங்கள் தொழிற்சாலையில் சனிக்கிழமைக் காலைக் கூட்டத்தில் ஒருவர் முன்னால் வந்து ஓர் ஆங்கிலச் சொல்லை விளக்க வேண்டும். நன்றாகப் பேசினால் கார்டு நிச்சயம் என்று ஒரு பேச்சு இருந்தது. என் முறை வந்தபோது பையைத் தட்டிக் காட்டி, "இதுக்கு இன்னா அர்த்தம்னு சொல்லேன்பா" என்று யோசனை கொடுத்ததே அவர்தான்.

ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் தேடினேன். ஜம்போ ஒரு யானையின் பெயர். ஆப்பிரிக்காவில் குட்டியாகப் பிடிபட்டு, லண்டன் மிருகக்காட்சிசாலையில் பிள்ளைகளை முதுகில் சுமந்து வளர்ந்தது. பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதில் இன்னும் இழுபறிதான். அமெரிக்க சர்க்கஸ் ஒன்று அதை வாங்கிச் செய்த விளம்பரத்தில், பெரிய பொருளுக்கெல்லாம் அதன் பெயரே சொல்லாகிவிட்டது.

இதையெல்லாம் என் ஓட்டை ஆங்கிலத்தில் சொன்னேன். கப்பலுக்குக் கூட்டிப்போகும் வழியில் யானை நடுத்தெருவில் படுத்துக்கொண்டு நகர மறுத்தது என்ற இடத்தில் ஆங்கிலம் தீர்ந்து தமிழுக்கு வந்துவிட்டேன்.

"யான மறியல் பண்ணிக்கீதுபா" என்று பின்வரிசையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் அந்த வாரம் ரோட்டில் மறியலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். முன்னால் நின்ற அதிகாரி மட்டும் சிரிக்காமல் கூட்டத்தை முடித்துவிட்டார். கடைசியில் யானையைக் கப்பலில் ஏற்றியதையும், போன இடத்தில் ரயில் மோதிச் செத்ததையும் நான் சொல்லவே இல்லை.

மாலையில் அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டார். யார் தூண்டிவிட்டு இந்தக் கதையைச் சொன்னாய் என்று கேட்டார். இன்டர்நெட்டில் இருக்கிறது சார் என்றேன். என் கார்டு அவர் மேஜைமேல் இருந்தது.

"பின்னால பேசினது யாரு? சொல்லிட்டுப் போ."

கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். பயம். வெறும் பயம்தான், வேறு காரணம் எதுவும் சொல்லிக்கொள்ள இல்லை. அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

எனக்குப் புதுக் கார்டு வந்தது, அவருக்கு வரவில்லை. கடைசி நாளன்று சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர், கேட்டில் என் கழுத்தில் தொங்கிய கார்டைப் பிடித்துப் பார்த்தார். நான்தான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது.

"நம்ம ரெண்டு பேர்ல ஒர்த்தனுக்காவது கெடச்சுதே. அது போதும்பா" என்று தோளைத் தட்டினார்.

திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி உள்ளே ஓடினேன். ஷிப்ட் தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.