சக்கை அடைத்த சைலன்சர்

கரிந்த சர்க்கரை மணம் எங்கே வந்தாலும் என் காது சிவக்கிறது. இந்த ஆக்லாந்துக் குளிரிலும், மகள் அடுப்பில் பாகை அடிப்பிடிக்க விட்டால், எழுந்துபோய் வாசலில் நின்றுகொள்கிறேன்.

ஃபிஜியில் முதல் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் வந்த கரும்பு வெட்டும் காலம். ரராவாய் சீனி மில்லில் எனக்குக் கொதிகலன் வேலை. வீடு கரும்புக்கு நடுவே, தனியாக. என் மோட்டார் சைக்கிளின் சைலன்சர் துருவேறி வாய் பிளந்து, ஊருக்கே கேட்க உறுமியது. நாட்டை விட்டே போகிறவன் சைலன்சர் மாற்றுவானா? கூரை ஒழுகியது, வாளி வைத்தோம். வேலி சாய்ந்தது, தாண்டிப் போனோம்.

வெளியே சொல்லாத காரணமும் ஒன்று உண்டு. அந்தச் சத்தம் கரும்பு ரயில் பாலத்தில் கேட்டதும் என் மனைவி தாழ்ப்பாளை விலக்குவாள். வேறு எந்தச் சத்தத்துக்கும் எங்கள் கதவு திறக்காது. பூர்வகுடிக் கும்பல்கள் இரவில் இந்தியர் வீடுகளில் புகுந்து அடித்த நாட்கள் அவை.

நியூசிலாந்து போக, வழக்கு எதுவும் இல்லையென்று போலீஸ் சான்று வேண்டும். அதற்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த வாரத்தில்தான் கடைவீதியில் பூர்வகுடி ஃபிஜிக்கார கான்ஸ்டபிள் ஒருவர் வண்டியை மறித்தார். "வெள்ளிக்கிழமை சத்தமில்லாமல் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து காட்டு. இல்லையென்றால் வழக்கு" என்றார், ஃபிஜி இந்தியர் பேசும் எங்கள் இந்தியிலேயே. வழக்கு வந்தால் சான்று இல்லை. சான்று இல்லையென்றால் விமானம் இல்லை.

மில்லில் கரும்புச் சக்கை மலையாகக் கிடந்தது. ஈரச் சக்கையைக் கம்பி வலையில் சுருட்டி சைலன்சருக்குள் திணித்தேன். பொழுதெல்லாம் அதே சக்கையைக் கொதிகலனில் எரித்துப் பிழைப்பவன் நான். அது எரியும் என்று தோன்றவே இல்லை.

வழியெல்லாம் வண்டி பூனையாக வந்தது. பின்னால் மனைவி, தலையில் முந்தானை. ஸ்டேஷன் முற்றத்தில் சான்றுக்கான வரிசை. கல்யாணச் சட்டையில் எல்லாரும் நம் ஆட்கள்.

"முறுக்கு" என்றார் கான்ஸ்டபிள். முறுக்கினேன். "இன்னும்."

முதலில் புகை. பிறகு கரிந்த வெல்ல வாசனை. பிறகு ஒரு வெடி. தீப்பொறியோடு சக்கை பறந்து வரிசையின் காலடியில் விழுந்தது. பழைய உறுமல் முற்றம் முழுக்க நிறைந்தது.

"என்ன மாமா, மில்லையே பின்னால கட்டி இழுத்துட்டு வந்துட்டீங்களா?"

"வாசனை ஜோரா இருக்கு அண்ணே, அப்படியே ஒரு டீ போடுங்க!"

சிரிப்பு. கான்ஸ்டபிளும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இத்னா அவாஜ் காஹே, பையா?" ஏன் இவ்வளவு சத்தம்?

அவரிடம், அவர் முகத்துக்கு நேரே, எதைச் சொல்வது? துரு என்று சொல்லலாமா என்று பார்த்தேன். மனைவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"டர் லகே, சாப்." பயமாயிருக்கு, ஐயா.

வரிசையில் சிரிப்பு அறுந்தது. எல்லாரும் அவரவர் ஃபைலைப் பார்த்தார்கள். அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்குள் இருந்ததை யாரோ நடுமுற்றத்தில் உதறிப் போட்டதுபோல் இருந்தது எனக்கு.

அவர் என் ஹெல்மெட்டைத் தட்டினார். "உனக்கு இது இருக்கு. தீதிக்கு எங்கே? கரும்பு லாரி முட்டினா முந்தானையா தாங்கும்?" அக்கா என்று அவர் சொன்ன என் மனைவியின் முந்தானையைப் பார்த்தேன். "புது சைலன்சர் போடு. தீதிக்கு ஒரு ஹெல்மெட் வாங்கு. வழக்கு எழுதலை."

இரண்டையும் வாங்கினேன். சான்றும் வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்று மாலை வேலை முடிந்து திரும்பினேன். பாலத்தை வண்டி சொல்லாமல் கடந்தது. வாசலில் நிறுத்தினேன். தாழ்ப்பாள் அசையவில்லை. தட்டினேன். உள்ளே விளக்கு அணைந்தது.

"கவுன் ஹே?" யாரது என்று, அந்நியனிடம் கேட்கிற இந்தியில் கேட்டாள்.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

சொந்த வீட்டுக் கதவிடம், மெதுவாக, என் பெயரைச் சொன்னேன்.