சங்கு ஊதியதும் நான் கீழே வைத்த டிரே

கஞ்சி போட்ட தலைப்பாகையின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது...

அப்போது குன்னூர்ப் பக்கம் ஒரு டீ எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். பெரிய பங்களாவில் இங்கிலீஷ் சினிமா எடுக்க வந்தார்கள். எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வசனம் இருக்கும் என்று போனேன். பட்லர் வேஷம். டீ ஊற்றிக் கொடுக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. என்னைக் கூப்பிட்ட சினிமா யூனிட் மேனேஜரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

டீயை வாங்கவேண்டியவர் வயதான ஒரு வெள்ளைக்கார நடிகை. லைட் வைக்கிற நேரத்தில் பேச்சுக் கொடுத்தார். லண்டன் மேடையில் இருபது வயதிலேயே கிழவி வேஷமாம். பிறகு சினிமாவில் சமையல்காரி, விடுதிக்காரி, யாருக்காவது அத்தை...

"நாப்பது வருஷமா நானும் டிரேதான் தூக்கறேன். முகம் ஞாபகம் இருக்கும், பேர் யாருக்கும் தெரியாது" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார்.

கேமரா ஓடியது. நான் டிரேயோடு நுழைந்தேன். எஸ்டேட் ஃபேக்டரியில் மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது.

எஸ்டேட்காரர்களுக்குத் தெரியும். சங்கு ஊதினால் பாதி எழுதிய வரியைக்கூட முடிக்க மாட்டோம். கை தானாக டிரேயை மேஜைமேல் வைத்தது. தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு சாப்பிடக் கிளம்பிவிட்டேன்! வராந்தா தாண்டித்தான் உறைத்தது.

"யோவ், படத்துல அந்தம்மாவுக்கு இருந்ததே இந்த ஒரு சீன்தான்யா. உன்னால போச்சு!" யூனிட் மேனேஜர் கத்தினார்.

அதற்குள் மலையில் பனிமூட்டம் இறங்கி வெளிச்சம் போய்விட்டது. மறுநாள் அந்த நடிகை ஊருக்குக் கிளம்பிவிட்டார். மன்னிப்புக் கேட்கக்கூட என்னை உள்ளே விடவில்லை.

இருபத்தைந்து வருஷமாக நெஞ்சில் முள்.

போன வாரம் மனைவி போனில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துவிட்டாள். "ஏனுங்க, டீ ஊத்தாம ஓடறது நீங்கதானுங்களே?"

பிடுங்கிப் பார்த்தேன்.

சீனை வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள், சங்குச் சத்தத்தோடு. நான் போன வாசலை அந்தம்மா கொஞ்ச நேரம் பார்க்கிறார். "பாவம், அவனுக்கும் பசிக்குமில்ல" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, தானே டீ ஊற்றிக் குடிக்கிறார். அவ்வளவுதான். படத்திலேயே நல்ல இடம் அதுதான்.

கடைசியில் ஓடிய பெயர்களை நிறுத்தி அவர் பெயரைச் சத்தமாக வாசித்தேன். என் பெயர் இல்லை... இருக்கட்டும்.

அந்த ஃபேக்டரியில் இப்போது சங்கு கிடையாது, எல்லாம் போனில் மெசேஜ்தான். "சாப்பிட வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். நல்ல பசி.