அவர் போன நாள்

என் கணவர் இறந்தது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை விடியற்காலையில். இதைச் சொல்லிவிட்டால் நாள் தெளிவாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓராண்டு நெருங்கியபோதுதான் அந்த நாள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து கிடப்பது தெரிந்தது.

கித்துல்கலைக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானமும் சமூகக்கல்வியும் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அவர் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகை அறையில் வேலை செய்தார். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அவர் சட்டையில் புகை வாசம் இருக்கும். நான் வேதக்காரி. அவர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர். ஆனாலும் பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதைக்கு என்னைச் சேர்ச் வாசல்வரை கொண்டுபோய் விடுவது அவர்தான். உள்ளே வரமாட்டார். வழிபாடு முடியும்வரை எதிரே இருக்கும் மதிலில் உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்கு எனக்கு முன்பே எழுந்து பால் விடாத பிளேன்டீ ஊற்றி வைத்துவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்திருக்கிறார். நான் சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நிலைக்கதவில் தலை சாய்ந்திருந்தது. கூப்பிட்டேன். தொட்டேன். மேற்கே, புதுத் துளிர் விட்ட ரப்பர் மரங்களுக்கு மேலே, ஒரு பக்கம் தேய்ந்த நிலா வெளுத்துப்போய் நின்றது. அந்த நேரத்தில் அதை ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அங்கே பார்த்திருப்பேன்.

கனடாவில் வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்யும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்களுக்கு ஒரே பிள்ளை அவள்தான். முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"அம்மா, இங்க இன்னும் வியாழக்கெழமதான்," என்றாள். "இன்னும் பெரிய வெள்ளியே வரல. நாளைக்கி செத்துப்போன அப்பாவுக்கு இன்னிக்கி எப்படிம்மா அழுவுறது?"

பூமி சுற்றுகிற சுற்றில் ஒரு ஊருக்கு முன்னால் விடிகிறது, இன்னொரு ஊருக்குப் பின்னால் விடிகிறது. பூமிக்குத் தோடம்பழத்தையும் சூரியனுக்கு டோர்ச் லைட்டையும் வைத்துப் பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ முறை காட்டிய பாடம் அது.

அடுத்த ஆண்டு பங்குனி பிறந்த கொஞ்ச நாளில் என் கொழுந்தன் பேசினார். என் கணவரின் தம்பி, றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். எங்களுக்கு மகன் இல்லாததால் கொள்ளி வைத்தவரும் அவர்தான்.

"அண்ணி, வர்ற செவ்வாக்கெழம அண்ணனுக்கு தெவசம். ஐயருகிட்ட கேட்டுட்டேன். நீங்க மொத நாளே வந்துருங்க."

"இன்னும் நாள் கெடக்கே தம்பி. மாசக் கடைசியிலதானே?"

"அது இங்கிலீசு தேதிங்க. நமக்கு பங்குனி மாசம், தேய்பிறை சதுர்த்தி. இந்த வருசம் அது முன்னாடியே வந்துருச்சு."

யோசித்துப் பார்த்தால் எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பங்குனி என்பது சூரியன் தரும் கணக்கு, சதுர்த்தி நிலா தரும் கணக்கு. பன்னிரண்டு முறை வளர்ந்து தேய்ந்து முடித்தாலும் நிலாவுக்கு ஓர் ஆண்டு முழுதாக நிரம்புவதில்லை. பத்துப் பதினொரு நாள் மிஞ்சிவிடும். அதனால் திதி ஆண்டுக்கு ஆண்டு முன்னே நழுவும். கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அது ஒருநாள் என் வீட்டுக்குள் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

அவிசாவளைக்குப் போய், இரத்தினபுரிக்குப் போய், அங்கிருந்து றக்வானைக்குப் பஸ் பிடித்தேன். கடைசி வளைவுகளில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மறுநாள் ஓடைக்கரையில் கொழுந்தன் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். வாழையிலையில் பிண்டம் வைத்தார். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல அவர் தடுமாறித் தடுமாறித் திருப்பிச் சொன்னார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பு அந்த நாளை ஏற்கவில்லை. என் மனதில் அவர் சாவதற்கு இன்னும் நாள் இருந்தது. போன ஆண்டு இதே தேதியில் அவர் உலையில் அரிசி போட்டுவிட்டு உப்பு எங்கே என்று கேட்டவர்.

"அண்ணி, நீங்க சாப்புடலியே," என்றார் கொழுந்தன், பந்தியில்.

"பஸ்ஸுல வந்தது வயிறு சரியில்ல தம்பி," என்றேன்.

இங்கிலீசு தேதி ஒரு சனிக்கிழமை வந்தது. விடியுமுன் எழுந்து, வாசற்படியில் தொலைபேசியோடு உட்கார்ந்தேன். மகள் எடுத்தாள். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்பதாகச் சொன்னாள். அவளுக்கு வெள்ளிக்கிழமை இரவு. தேதி வேறு, கிழமை வேறு. ஆனால் நேரம் அதே நேரம். அவர் போன நேரத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"எதுவும் பேச வேணாம்மா," என்றாள். "சும்மா போன வச்சிக்கிட்டு இருப்போம்."

அவள் பக்கம் காற்று இரைந்தது. என் பக்கம் கொண்டைக்குருவிகள் கத்தத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் "பஸ் வந்துருச்சும்மா" என்று வைத்துவிட்டாள். நான் மேற்கே நிமிர்ந்து பார்த்தேன். மரங்களுக்கு மேலே ஒன்றுமில்லை. சந்தியில் கடை வைத்திருக்கும் மாவனல்லைக்காரர் கொடுத்த நாள்காட்டியைப் போய்ப் பார்த்தேன். அமாவாசை. படிப்பித்தவள்தான் நான். என்றாலும் அந்த இடத்தில் நிலா இருக்கும் என்று எப்படியோ எதிர்பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு சித்திரை வருடப்பிறப்பு வந்தது. துக்க வீடு என்பதால் நான் அடுப்பு மூட்டும் சுபநேரம் எதையும் பார்க்கவில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் பட்டாசு வெடித்தது. ரோட்டோரம் கடை வைத்திருக்கும் சிங்கள அக்கா ஒரு தட்டில் கொண்டைப் பணியாரமும் வாழைப்பழமும் கொண்டுவந்தார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டீச்சர் தனியமத?" என்று கேட்டார்.

தனியாகவா என்று அர்த்தம். அவர்கள் பாஷையிலும் அந்தச் சொல் ஏறக்குறைய நம்முடையதுதான். "ஓ, தனியம" என்றேன். அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு, போகாமல் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பெரிய வெள்ளி அந்த ஆண்டு வருடப்பிறப்பும் கழிந்து பிந்தித்தான் வந்தது. பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப் பிறகு வரும் முழுநிலவைப் பார்த்து, அதற்கடுத்த ஞாயிறை உயிர்த்த ஞாயிறாக வைக்கிறது திருச்சபை. அந்த ஞாயிறுக்கு முந்திய வெள்ளிதான் பெரிய வெள்ளி. அவருக்காக அன்றைக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க முடியுமா என்று முன்னதாகவே போய்க் கேட்டிருந்தேன்.

"பெரிய வெள்ளியில பூசையே இல்லியே டீச்சர்," என்றார் ஃபாதர். "வேற எந்த நாள் வேணுமின்னாலும் சொல்லுங்க, வச்சிருவோம்."

வேறு எந்த நாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பொறகு வாறேன் ஃபாதர்," என்று திரும்பிவிட்டேன்.

அன்று காலை புறப்படும்போது நிலா இருந்தது. போன ஆண்டைவிடக் கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் உயரத்தில். நான் படியில் நிற்கவில்லை. தனியாக நடந்தேன். விடுமுறை நாள் என்பதால் கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஆற்றில் காற்றுப் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். பாறையில் படகு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கூச்சல் மேலே தோட்டம்வரை கேட்டது. சேர்ச்சில் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, "போன வருசம் இதே நாள்தானே டீச்சர்" என்றார்கள். ஆமாம் என்றேன். வழிபாடு முடிந்து வெளியே வந்தேன். எதிர் மதிலில் யாரோ நனைந்த குடையை விரித்துக் காயப் போட்டிருந்தார்கள். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. திவசத்தில் வராதது, தொலைபேசியில் வராதது, ரோட்டில் நின்றபடி வந்தது. ஒரு முச்சக்கரவண்டிக்காரர் நிறுத்தி, ஏறுங்க டீச்சர் என்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

இந்த ஆண்டு மூன்று நாள்களும் எட்டு நாளுக்குள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. முதலில் தேதி, பிறகு பெரிய வெள்ளி, கடைசியாகத் திதி. முன்னே நழுவிய சதுர்த்தி மாசிக்குள் போய்விட்டதால், பங்குனிக்கு உரியது ஒரு நிலாச் சுற்று பிந்தி வந்தது. திதி விழுந்தது உயிர்த்த ஞாயிறன்று.

கொழுந்தன் தயங்கித் தயங்கித்தான் பேசினார். "அண்ணி, ஒங்களுக்கு அது பெருநாளாச்சே. நான் இங்க பாத்துக்கிறேன். நீங்க கோயிலுக்குப் போங்க. அண்ணன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

"அவரு எதுக்குத்தான் கோவிச்சாரு, தம்பி," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் இறந்த பிறகு அவரைப் பற்றிப் பேசிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை பூசைக்குப் போனேன். வெள்ளைப் பூக்களும் மெழுகுதிரிகளுமாக இருந்தது. அல்லேலூயா பாடும்போது நானும் பாடினேன். வீட்டுக்கு வந்து பூசணிக்காயும் பருப்பும் சமைத்து, ஒரு பிடி சோற்றை இலையில் கொல்லைப்பக்கம் வைத்தேன். மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. "வாங்க, சாப்புடுங்க," என்று மட்டும் சொன்னேன். காகம் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கோழி வந்து கொத்திற்று. நான் விரட்டவில்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பிள்ளை பெருநாள் கோழிக்கறி ஒரு சட்டி கொண்டுவந்து தந்தாள். திவச நாளில் எப்படிச் சாப்பிடுவது? மூடி வைத்தேன். திங்கட்கிழமை காலையில் சூடாக்கி, ரொட்டியோடு சாப்பிட்டேன். நல்ல உறைப்பு. இரண்டாவது ரொட்டியும் சுட்டுக்கொண்டேன்.