சொடக்குத் தக்காளி

வல்லம் வடகாலில் நான் சூப்பர்வைசராக இருக்கும் தொழிற்சாலையின் பைக் ஸ்டாண்டு ஓரம் சொடக்குத் தக்காளி முளைத்திருந்தது. ஒரு காயைப் பறித்து நெற்றியில் அடித்தேன். காயை மூடியிருந்த கூடு 'டப்'பென்று உடைந்தது.

தொழிற்சாலைக்கு நிலம் எடுப்பதற்கு முன் எங்கள் வீடு இங்கேதான் எங்கேயோ இருந்தது. கொல்லையில் அம்மா எதையும் பிடுங்கவிட மாட்டாள். "தானா வந்த செடிடா, அதும்பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்." அவள் நெற்றியிலேயே கூட்டை உடைத்துப் பழத்தைத் தின்பேன். திட்டிக்கொண்டே அடுத்ததற்கும் நெற்றியைக் காட்டுவாள்.

அப்படியானால் கொல்லை இதுதானா? கிணறு எந்தப் பக்கம்?

தோட்டவேலை செய்யும் தூத்துக்குடிக்காரர் வந்தார். "களையப் பிடுங்கிரட்டா சார்?"

"வேணாங்க. இது எங்க வூட்டுச் செடி."

"மெயின் கேட் பக்கமும் நாலு செடி கெடக்கே. அதுல எது சார் உங்க வீடு?"

தெரியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிடச் சொன்னேன்.