ஜம்புநாதன் வீட்டுப் பாதரச லிங்கம்

ஜம்புநாதனுக்குச் சுத்தம் ஒரு வியாதி. ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்கிற அமெரிக்க ஊரில் அவருக்குப் பக்கத்து வீடு வாங்கியது என் தலையெழுத்து. அவர் காரில் ஏறுவதற்கு முன் நான் ஷூவை இரண்டு தரம் தட்ட வேண்டும். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, உத்தியோகம் அப்படி. துருவத்துப் பனியை உருக்கி, அதில் எவ்வளவு பாதரசம் என்று அளக்கிற லேபில் பதினைந்து வருஷமாக இருக்கிறார்.

பனியை வைப்பதற்கு முன் வெறும் சுத்தத் தண்ணீரை மிஷினில் ஓட்டுவார்கள். பூஜ்யம் வரவேண்டும். இந்த மார்ச்சில் வரவில்லை, அதுவும் ஜம்புநாதன் வேலை பார்த்த நாள்களில் மட்டும்! மிச்சமிருப்பதோ மூன்றே பாட்டில் பனி. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் வேறு ஆள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மனுஷர் சாப்பாட்டைத் தொடவில்லை.

வியாழன் மாலை, பாதரச ஆவி பட்டால் கத்துகிற கைக்கருவியோடு வந்தார். முதலில் சோதித்தது யாரை? என்னை! என் வீடு, என் கார், என் ஷூ. கருவி வாயே திறக்கவில்லை. அடுத்து அவர் வீடு. பூஜை அலமாரி முன்னால் ஊரே கேட்கக் கத்தியது.

உள்ளே பாதரச லிங்கம். தினமும் அதற்குத் தன் கையால் அபிஷேகம் செய்துவிட்டுத்தான் லேபுக்குப் போவார்.

"உங்க ப்ராஜெக்ட் நல்லா முடியணும்னுதானேங்க போன மாசம் ஊர்லேர்ந்து வாங்கிட்டு வந்தேன்!" என்றாள் அவர் மனைவி பர்வதம்.

நான் சிரித்துவிட்டேன். அவள் கண் கலங்கியதும் வெட்கமாகப் போயிற்று.

"சரி, ராரிட்டன் ஆத்துல விட்டுடலாம்," என்றாள்.

"அடிப்பாவி! பாதரசத்தை ஆத்துல விடறதா? அதுவும் நானா?"

கையுறை மாட்டி, கண்ணாடி ஜாடியில் இறுக்கி மூடினார். சனிக்கிழமை கவுன்டி, அதாவது மாவட்ட நிர்வாகத்து, ஆட்கள் ரசாயனக் கழிவு வாங்கும்வரை சாமி என் கராஜில். வேண்டாமென்று சொல்ல வாய் வருமா? மறுநாள் காலை ஜம்புநாதன் என் வீட்டில் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

வெள்ளி மாலை குதித்துக்கொண்டு வந்தார். "தண்ணியில ஸீரோ! வேலை தப்பிச்சுது!"

"பனியில?" என்றாள் பர்வதம்.

"அதுல இருக்கு. மனுஷனே இல்லாத இடம்தான். நிலக்கரிப் புகை, பாக்டரிப் புகை, எல்லாம் காத்தோட அங்க போய் விழுது."

பர்வதம் காலி அலமாரியைப் பார்த்தாள். "என் சாமியை ஒரே நாள்ல வெளிய அனுப்பிட்டீங்க. அந்தப் புகையை யாருங்க அனுப்புவா?"